கித்துல்கல வரைக்கும் போய்ப் பார்க்கணும்

ஹட்டனில் ஏசி பழுது பார்ப்பவன் நான்.
சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.
தை மாதத்துக் காலை,
எதிர்க்கடைப் பெயர்ப்பலகை தெரியாத மூட்டம்,
ஸ்பேனரைத் தொட்டால் விரல் விறைக்கிறது.
போஸ் அண்ணன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி
"ஏசி குளிரவே இல்லடா" என்கிறார்,
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு.

கதவைத் திறந்து கையை நீட்டினேன்.
குளிர்ந்த காற்றுதான்.
ஆனால் இந்த ஊரில்
எந்த ஓட்டையில் கையை வைத்தாலும்
குளிர்ந்த காற்றுதான்.
தெர்மோமீட்டரைச் சொருகினேன்: பதினான்கு.
கராஜ் வாசலில் பிடித்தேன்: பதினான்கு.
இதை வைத்துக்கொண்டு யாரைக் குற்றம் சொல்வது?

ஏற்கெனவே இரண்டு தடவை கேஸ் அடித்தாயிற்றாம்.
ஒருதரம் கம்பளையில், ஒருதரம் அவிசாவளையில்,
தடவைக்கு எட்டாயிரத்து ஐந்நூறு.
இரண்டு பேருமே எதையும் கழற்றிப் பார்க்கவில்லை.
அண்ணனின் முகத்தைப் பார்த்தார்கள்,
சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

குறை கண்டுபிடித்தவர் அவரில்லை, அமராவதி.
ஏழு வருசம் குவைத்தில் இருந்துவிட்டு
போன கிழமை கட்டுநாயக்கவில் இறங்கியவள்.
ஹங்வெல்லை தாண்டும் முன்னே சொன்னாளாம்:
"அண்ணே, இது ஏசி இல்ல.
யாரோ மூச்சு விடுறாங்க."
அவளுக்குத் தெரியும்.
ஐம்பது பாகை வெயிலில் மொட்டை மாடியில்
யார் யாருடைய துணிகளையோ காயப்போட்டு
உள்ளே வந்த ஒவ்வொரு தடவையும்
கதவருகே ஒரு நிமிடம் நின்று
தெரிந்துகொண்டது.

"ஏறுங்க" என்றேன்.
"கித்துல்கல வரைக்கும் போய்ப் பார்க்கணும்."

வட்டவளையில் ஒன்றும் தெரியவில்லை, பாதைகூட.
கினிகத்தேனையில் அண்ணன் ஸ்வெட்டரைக் கழற்றினார்.
அப்புறம் வளைவுக்கு வளைவு சூடு ஏறியது,
இறப்பர் மரங்கள் வந்தன,
கித்துல்கலயில் வெயில்
எங்களுக்காகவே காத்திருந்த மாதிரி.
ஆற்றோரம் நிழலில்லாத இடத்தில் நிறுத்தி
எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி
இருபது நிமிடம் உட்கார்ந்தோம்.
புளோவர் நாலாம் நம்பரில் அலறியது.
காற்று, அமராவதி சொன்னதுபோல,
யாரோ விட்ட மூச்சு.

முன்மூடியைத் தூக்கிக் குழாய்களைத் தொட்டேன்.
ஒல்லிக் குழாய் சுட்டது.
தடித்த குழாய் குளிர்ந்து
முத்து முத்தாய் வியர்த்திருந்தது.
வியர்க்க வேண்டியது அதுதான், நாங்களில்லை.

"குளிர் உண்டாகுதுண்ணே. வந்து சேரல."

டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றினேன்.
காப்புறுதிப் பத்திரம், திருநீற்றுப் பொட்டலம்,
விமான நேரங்கள் எழுதிய கொப்பித் தாள்,
எல்லாம் அவர் மடிக்குப் போயின.
பின்னால் ஃபில்டர் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு வீடு இருந்தது.
கொழுந்துச் சாக்கின் நார், சைப்ரஸ் இலை,
விழாத லொத்தர் சீட்டுகள் பொடிப்பொடியாய்,
நடுவில், குட்டிகள் படுத்து வளர்ந்து
வெளியேறிப்போன ஒரு குழி.
அந்தக் குழிக்கு மெத்தையாய்ப் பாதிச் சம்பளச் சிட்டை.
வரவுப் பக்கத்தை எலி தின்றிருந்தது.
'கழிவுகள்' என்ற பக்கம் மட்டும்
ஒரு எழுத்தும் போகாமல்.

"சம்சாரத்தோடது" என்றார் அண்ணன்.
"போன மாசம் வீடெல்லாம் தேடினா."
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டை அள்ளி வெளியே போட்டதும்
வந்தது பாருங்கள் காற்று,
விமான நேரங்கள் எல்லாம் பறந்தன.
அவர் இரண்டு கைகளையும் நீட்டினார்.
கொஞ்ச நேரம் கழித்து, சந்தேகத்தோடு,
"அப்போ கேஸ் அடிக்க வேணாமா?"
ஏதோ குறைந்துபோன மாதிரி.

திரும்பும்போது நிறுத்தவே விடவில்லை.
ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டே
அமராவதிக்குப் போன் போட்டார்:
"இப்ப வந்து ஏறிப் பாரு!"
அவள் குரல் எனக்கும் கேட்டது:
"ரெண்டு கம்பளி போர்த்தியும் தாங்கலண்ணே.
இந்தக் குளிர மறந்தே போயிட்டேன்."

வட்டவளையில் மறுபடி மூட்டம்.
முன்கண்ணாடி உள்ளே வெளுத்தது.
காற்றை மேலே திருப்பினேன்.
ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல
பாதை தெரிய ஆரம்பித்தது.